போச்சாதுங்க

பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைகளில் முப்பது வருடம் லேத் ஓட்டிய சுப்பண்ணனுக்கு யாரையும் குறை சொல்லவே வராது. பஸ்ஸில் காலை மிதித்தவனிடமும் "போச்சாதுங்க" என்பார். பரவாயில்லை, விடுங்கள் என்று அர்த்தம். நல்ல குணம்தான், யார் இல்லையென்றது? அந்தக் குணம்தான் அவர் இடுப்பைத் தின்றது என்று மனைவி தெய்வாத்தாள் இன்றைக்கும் பொருமுவாள்.

தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு, கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் செயற்கை மூட்டு வைத்தார்கள். எட்டே மாதத்தில் உள்ளே சீழ் பிடித்தது. திறந்து கழுவினார்கள். திரும்பவும் பிடித்தது. மூட்டையே கழற்றி, மூன்று மாதம் மருந்து கொடுத்துப் படுக்கப்போட்டு, புதிதாக ஒன்றை வைத்தார்கள். இது நிலைத்தால் நடக்கலாம். இதிலும் சீழ் வைத்தால் இன்னொன்று வைக்க எலும்பில் தெம்பில்லை. "துளி கசிஞ்சாலும் அன்னைக்கே வந்துருங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

ஐந்தாம் மாதம் தழும்போரம் கடுகளவு ஓட்டை விழுந்து கசிந்தது. தெய்வாத்தாள் பதறிப்போனாள்.

"இன்னைக்கே போலாமுங்க."

"டாக்டரு இத்தன தடவ பாடுபட்டுச் செஞ்ச மனுசன் அம்மணி. மறுக்காவும் சீழுன்னு போய் நின்னா அவரு மனசு நோகுமில்ல? தானா ஆறிப்போயிரும்."

டாக்டரே போனில் கூப்பிட்டு விசாரித்தபோதும், "அருமையா இருக்குதுங்க" என்றார் சுப்பண்ணன். பக்கத்தில் நின்ற தெய்வாத்தாள் போனைப் பிடுங்கியிருக்கலாம். புருசன் பேச்சில் குறுக்கே புகுந்து அவளுக்குப் பழக்கமில்லை. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குச் சோறு இறங்காது.

கசியத் தொடங்கிய ஏழாம் வாரம் குளிர்காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது, மூட்டு போனது. கால் இரண்டு அங்குலம் குட்டை, இனி ஆயுசுக்கும் வாக்கர்தான்.

"மொதல் வாரமே வந்திருந்தா காப்பாத்தப் பாத்திருக்கலாம்" என்று டாக்டர் தலைகுனிந்தார்.

"நீங்க வெசனப்படாதீங்க" என்று படுத்தபடியே அவரைத் தேற்றினார் சுப்பண்ணன்.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும், தெய்வாத்தாள் அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, அவரு மனசு நோகக்கூடாதுன்னு பாத்தீங்க. எம்பட மனசு நோகாதுங்களா?"

ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன மனுசன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.