வெள்ளை வண்டியும் சிவப்பு வண்டியும்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் கார் வாங்குவதாக முடிவாயிற்று. அதற்கு முன்பும் எங்களிடம் கார் இருந்தது. ஆனால் அது வாடகைக் கார். அதை ஓட்டித்தான் அப்பா எங்களைக் காப்பாற்றினார். கச்சிராயபாளையம் கார் ஸ்டாண்டில் எத்தனை வண்டி நின்றாலும், பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறவர்கள் அப்பா வரும்வரை காத்திருந்து அவர் வண்டியில்தான் ஏறுவார்கள். அப்பா பிரேக் போட்டால் மடியில் இருக்கும் சொம்பில் பால் தளும்பாது என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னாராம். அதை அப்பா ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. நான்தான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அந்தக் காரை அப்பா திடீரென்று விற்றுவிட்டார். திருவண்ணாமலையில் சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் ஆடு குறுக்கே ஓடி, வண்டி கரும்புத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டதாக வீட்டில் சொன்னார்கள். அப்பாவுக்கு நெற்றியில் ஒரு கீறல்தான். வண்டியின் முகப்பைச் சரிசெய்து, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, அப்பா அணைக்குக் கீழே கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கரும்பு வைத்தார். கேட்டவர்களிடம், வாடகை ஓட்டி அலுத்துவிட்டது என்று சொன்னார். நானும் நம்பினேன். எனக்கும் அப்போது பல விஷயங்கள் அலுத்துப் போய்க்கொண்டிருந்தன.

அம்மா கல்வராயன் மலைமேல் ஓர் ஊரில், சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தார். காலையில் அப்பாதான் மலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். கார் போன பிறகு அம்மா பஸ்ஸை நம்ப வேண்டியதாயிற்று. மழை பெய்து பாதையில் மரம் விழுந்தால் பஸ் வராது. பிரசவ வலி எடுத்த பெண் ஒருத்தியை விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவும் முடியாது. பல நாட்கள் அம்மா அங்கேயே தங்கிவிடுவார். அப்போதுதான் அப்பா சொன்னார், சொந்தமாக ஒரு சின்ன வண்டி வாங்கலாம் என்று. அதோடு இன்னொன்றும் சொன்னார். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்கள் இருந்தார்கள். கார் ஓட்டுகிற பெண் இல்லை. அம்மா கள்ளக்குறிச்சியில் ஒரு டிரைவிங் பள்ளியில் சேர்ந்து, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகம் வெளிறக் கற்றுக்கொண்டு வந்து லைசென்ஸும் வாங்கிவிட்டார். அப்பேர்ப்பட்ட டிரைவர் வீட்டில் இருக்கும்போது இது எதற்கு என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் சில சமயம் விளையாடுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டி பார்ப்பதில் எல்லோரையும்விட உற்சாகமாக இருந்தவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. அவர் கார் ஓட்டியதைவிடக் கார் ஓட்டும் வீடியோக்களைப் பார்த்ததுதான் அதிகம். கள்ளக்குறிச்சியில் பழைய கார் விற்கும் கன்சல்டிங் ஒன்றில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தார். அங்கே இரண்டு வண்டிகள் எங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி அமைந்தன. ஒன்று சிவப்பு, அதிகம் ஓடாதது, அகலமான டயர், உள்ளே திரை வைத்த பாட்டுப் பெட்டி. இன்னொன்று வெள்ளை, வயசான வண்டி, சின்ன எஞ்சின், கதவைச் சாத்தினால் தகரப் பெட்டியை மூடுகிற சத்தம்.

"சும்மா பறக்குது ண்ணா. வளைவுல திருப்பினாலும் ஆட்டமே இல்ல, ரோட்டப் புடிச்சிக்கினு போவுது. அந்த வெள்ள வண்டி எம்பதத் தாண்டினாலே நடுங்குது" என்றார் சித்தப்பா.

"மலையில யாருடா எம்பதுல போறாங்க?" என்று அப்பா கேட்டார்.

அப்பா வண்டி பார்த்த விதம் விநோதமாக இருந்தது. அவர் ஓட்டிப் பார்க்கவே இல்லை. அம்மாவை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்தார். பேனட்டின் முனை தெரிகிறதா என்று கேட்டார். அம்மா கொஞ்சம் குள்ளம். சிவப்பு வண்டியில் எக்கிப் பார்த்து, தெரியவில்லை என்றார். கிளட்சை முழுதும் மிதிக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி மிதிக்கச் சொன்னார். "முட்டி நோவுதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க ஒரு ரவுண்டு எடுத்துப் பாருங்களேன்."

"ஓட்டப்போறது அவங்க. அவங்க பாத்தா போதும்" என்றார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்பு வண்டியை மலைக்கு எடுத்துப் போனோம். கோமுகி அணை வரை சித்தப்பா ஓட்டினார். நானும் அம்மாவும் பின்சீட்டில். குளிர்காற்று முகத்தில் அடித்தது, பாட்டு தெளிவாகக் கேட்டது, பள்ளத்தில் இறங்கியதே தெரியவில்லை. இந்த வண்டிதான் என்று மனசுக்குள் முடிவு செய்து, யார் யாரிடம் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அணையைத் தாண்டியதும் அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி அம்மாவை ஓட்டச் சொன்னார். சித்தப்பா சிரித்துக்கொண்டே பின்னால் வந்து உட்கார்ந்தார்.

ஆரம்பத்தில் அம்மா நன்றாகத்தான் ஓட்டினார். ஏற்றம் செங்குத்தாகிற ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி இறங்கி வந்தது. அம்மா ஓரமாக நிறுத்தினார். லாரி போனது. அம்மா கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை அணையவில்லை. ஆனால் முன்னாலும் போகவில்லை, பின்னால் நழுவியது. எங்களுக்குப் பின்னால் ஏறி வந்த பஸ்ஸின் முகம் பின்கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது எனக்குத் தெரிந்தது. அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தார். சித்தப்பா குதித்து இறங்கி டயருக்குப் பின்னால் கல்லை வைத்தார்.

அம்மா இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவும் இறங்கினார். அதற்குள் பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்துவிட்டன. பஸ் டிரைவர் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா ண்ணே, நீ இருக்கச்சொல்ல அவங்கள எதுக்குக் கஷ்டப்படுத்துற? ஏறி எடு ண்ணே, டைம் ஆவுது."

அப்பா ஓட்டுநர் கதவுப் பக்கம் போனார். திறந்திருந்த கதவின் மேல் கையை வைத்தார். எனக்கு நெஞ்சு விம்மியது. இப்போது பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இந்தப் பாதையில் ஒற்றைக் கையால் ஓட்டியவர். பஸ்ஸே காத்து நின்று பார்க்கப் போகிறது.

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை அசைத்தார். அசைத்தாரா என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு. அப்பா கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, "தம்பி, நீ எடுறா" என்றார்.

வண்டி மேலே ஏறிப் பஸ்ஸுக்கு வழி விட்டது. கடந்து போகும்போது பஸ் டிரைவர் இன்னும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டு போனார். நாங்கள் அங்கேயே திருப்பிக்கொண்டு இறங்கினோம். யாரும் பாட்டுப் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஆரம்பித்தார். "வண்டி மேல இன்னா தப்பு? அண்ணிக்குப் பழக்கம் கம்மி, அவ்ளோதான்."

"பழகினவங்க எந்த வண்டியையும் ஏத்திடுவாங்கடா. பழகாதவங்கள ஏத்திக்கினு போற வண்டிதான் எனக்கு வேணும்" என்றார் அப்பா. "அந்த வண்டிக்கு நல்லா மிதிச்சாதான் இழுவை வருது. மெதுவா எடுத்தா செத்துப் பூடுது. மலையில மெதுவாதான் எடுக்கணும். அது நட்டநடு மலையில நின்னுச்சுன்னா கம்ப்யூட்டர் வெச்சிப் பாக்கணும், சேலத்துக்குக் கட்டி இழுத்துக்கினு போவணும். பாதி எடத்துல போன் டவரே கெடையாது. வெள்ள வண்டி நின்னா, நம்மூரு மெக்கானிக்கு பைக்ல வந்து ஒரு ஸ்பானரை வெச்சே கெளப்பிடுவான்."

"நடுவழியில நின்னா இன்னா? அதான் நீ கூட இருக்கியே ண்ணா."

அம்மா எழுந்து சமையல் கட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த வாரம் வெள்ளை வண்டியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். அம்மா வீட்டிலிருந்தே ஓட்டினார். வண்டி சத்தம் போட்டது. ஒவ்வொரு பள்ளமும் என் முதுகில் வந்து சேர்ந்தது. ஏசி என்ற பெயரில் வெறும் காற்று வந்தது. ஏற்றம் வந்ததும் அப்பா அதையும் அணைத்துவிட்டார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அம்மா எக்கிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அதே வளைவு வந்தது. அப்பா நிறுத்தச் சொன்னார். எஞ்சினையும் அணைக்கச் சொன்னார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"இன்னாங்க, எங்க போறீங்க?" அம்மாவின் குரல் மாறிவிட்டது.

"நாங்க இங்க நிக்கிறோம். நீ தனியா எடுத்துக்கினு மேல போ. அடுத்த வளைவு தாண்டினா சமதரை. அங்க நிறுத்தி ஹாரன் அடி."

"நீங்க பக்கத்துல உக்காருங்க. போதும்."

"நான் இருந்தா எம்மூஞ்சியைத்தான் பாப்ப. ரோட்டப் பாக்க மாட்ட" என்றார் அப்பா. பிறகு ஜன்னலில் குனிந்து, மெல்ல, "போம்மா. வண்டி உன்னை விடாது" என்றார். அப்பா அம்மாவை 'அம்மா' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல்.

அம்மா கிளப்பினார். வெள்ளை வண்டி ஒரு கணம் தயங்கி, துளிகூடப் பின்வாங்காமல், கிழவி படியேறுகிற மாதிரி முனகிக்கொண்டு நகர்ந்தது. வளைவில் திரும்பி மறைந்தது. அப்புறம் சத்தம் மட்டும்தான். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார். "செகண்டு போடு" என்று முணுமுணுத்தார். சத்தம் மாறியது. "இப்ப விடாத, விடாத" என்றார். அவர் வலது கால் தார்ச்சாலையை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு சத்தமும் தேய்ந்துவிட்டது. மூங்கில் புதர் உரசுவதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. என் கை வலித்தது. சொல்லத் தோன்றவில்லை.

மேலேயிருந்து ஹாரன் கேட்டது. ஒரு தடவை, கொஞ்சம் விட்டு, நீளமாக இன்னொரு தடவை.

அப்பா என் கையை விட்டுவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். இருவரும் நடந்தே ஏறினோம். அம்மா வண்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அழுதிருந்தார். சிரித்துக்கொண்டும் இருந்தார். "ஏறிடுச்சுங்க" என்றார், ஏதோ வண்டி தானாகவே ஏறிவிட்ட மாதிரி. ஏற்றம் ஏறியதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த வண்டியை அம்மா பல வருஷம் ஓட்டினார். மழையிலும் பனியிலும் ஓட்டினார். வலி எடுத்த பெண்களைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு மலையிறங்கி வந்திருக்கிறார். ஒரு தடவை பேட்டரி போனது, ஒரு தடவை கிளட்ச் வயர் அறுந்தது. இரண்டு தடவையும் ஊர் மெக்கானிக் பைக்கில் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். அப்பா எங்கே போனாலும் இடப்பக்கம்தான் உட்கார்ந்தார்.

படிப்பு முடிந்து நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட சமயம், சங்கராபுரம் சாலையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரும்போதுதான் சொன்னார். ஆடு எதுவும் குறுக்கே வரவில்லை. அப்பாவுக்கு வண்டி ஓட்டும்போதே வலிப்பு வந்திருக்கிறது. அதற்கு முன்பே ஒரு தடவை வீட்டில் வந்ததை அசதி என்று நினைத்திருக்கிறார்கள். பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டர் மாத்திரை கொடுத்து, இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. "டிரைவருக்கு வலிப்புன்னு தெரிஞ்சா, அவரு இதுவரைக்கும் ஓட்டின ஓட்டத்தையெல்லாம் சந்தேகப்படுவாங்கடி. அதுதான் அவருக்குத் தாங்கல" என்றார் அம்மா. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவு வந்தது மலைப்பாதை அல்ல. வெள்ளை வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாள்தான்.

வாசலில் வண்டி நின்றது. நான்கு டயர்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தோம். கோயிலுக்குப் போவதற்காக அம்மா உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தார். அப்பா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். நான் ஓடிப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். அப்பா சாவியைத் தொடவில்லை. சீட்டை முன்னால் தள்ளினார். இன்னும் தள்ளினார். அவருடைய நீண்ட கால்கள் மடங்கி, முட்டி இரண்டும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இடித்துக்கொண்டன. பிறகு கழுத்தைக் குறுக்கித் தோளைத் தாழ்த்தி, தன்னைச் சின்னவராக ஆக்கிக்கொண்டு, அந்த உயரத்திலிருந்து பின்கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவைத்தார். இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்து அப்படியே இருந்தார்.

"போலாம்பா" என்றேன்.

"அம்மா வரட்டும்" என்றார்.

அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு பெரிய டிரைவருக்குக் காரில் எப்படி உட்காருவதென்றே மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன்.