அரைமண்டியும் மூன்று மீன்ரின்னும்

அந்த லென்ஸை அஜின்கோர்ட்டில் ஒரு கோப்பிக் கடை வாசலில், முன்பின் தெரியாத ஒருவரிடம் பழசாக வாங்கினேன். "வித்தா வித்ததுதான் அண்ணை, பிறகு திருப்பிக் கொண்டு வரக்கூடாது" என்று சொல்லித்தான் தந்தார். கைக்குழந்தையின் பாரம். மகளின் அரங்கேற்றத்துக்கு அப்போது நாலு மாதம் இருந்தது.

மண்டபத்தில் ஃபிளாஷ் அடிக்கக்கூடாது என்பது நடன ரீச்சரின் கட்டளை. மேடைக்குத் தள்ளி நின்று, மங்கல் வெளிச்சத்தில், ஆடுகிற பிள்ளையைப் பிடிக்க வேண்டும். அதற்கு அகலத் திறக்கிற லென்ஸ்தான் சரி. அகலத் திறந்தால் வெளிச்சம் தாராளமாக வரும். ஆனால் கூர்மை ஒரு விரல் அகலத்துக்குத்தான் நிற்கும். மூக்குத்தி தெளிவாக விழுந்தால் கண் மங்கிவிடும். இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். லென்ஸோடு நிற்கவில்லை. அதைத் தாங்க ஒற்றைக்கால் தடி, வெயில்மூடி, இரண்டாவது பற்றரி என்று வாரத்துக்கொரு பெட்டி வாசலில் வந்து இறங்கியது.

"ஆரையும் பிடிச்சு எடுப்பிச்சா என்ன?" என்றாள் மனைவி.

"ஊரான் பிள்ளையளை எல்லாம் எடுத்துக் குடுத்திட்டு, என்ர பிள்ளைக்கு நான் ஆள் பிடிக்கிறதோ?"

ரோசம்தான், வேறென்ன. பதினைந்து வருடமாக இனசனத்தின் கலியாணம், பிறந்தநாள், அரங்கேற்றம் எல்லாவற்றிலும் கமராவோடு நின்றவன் நான். ஒவ்வொருவரின் மகள் ஆடும்போதும் மூன்று மணித்தியாலம் நின்று எடுத்திருக்கிறேன். எங்கள் முறை வரும்போது குறை வரக்கூடாது. மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்னரே பதிவாகிவிட்டது. லண்டனிலிருந்து மச்சாள் குடும்பம் ரிக்கற் போட்டுவிட்டது. அழைப்பிதழுக்கும், மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு நிறுத்துகிற பதாகைக்கும் மகளின் படம் மட்டும்தான் பாக்கி. அரைமண்டியில், முழங்கால்களை இரண்டு பக்கமும் மடித்துப் பாதி குந்தி இருந்தபடி, கை நீட்டி அவள் நிற்கிற படம்.

பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை முடிந்து, நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் நத்தையாக ஊர்ந்து வந்து, சாப்பிட்ட கையோடு நிலவறைக்கு இறங்குவேன். வெளியே பனி. கீழே தாழ்ந்த கூரை, வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸின் இரைச்சல், சுவரில் நான் ஆணியடித்துத் தொங்கவிட்ட கறுப்புச் சீலை. தரையில் ஒட்டுநாடாவால் ஒரு குறி. அந்தக் குறியில் மகள் நிற்க வேண்டும். அவளுக்குப் பதினேழு வயது.

முதல் நாளே படம் பிழைத்தது. நீட்டிய கை தெளிவு, கண் மங்கல். அடுத்த நாளும் அப்படித்தான். சனியன், பழுதான லென்ஸை என் தலையில் கட்டிவிட்டான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. கமராவுக்குள் ஒரு மெனு இருக்கிறது. லென்ஸ் குறி தவறினால் முன்னுக்கும் பின்னுக்கும் இருபது படிவரை நகர்த்தித் திருத்தலாம். நான் பின்னுக்கு நகர்த்தத் தொடங்கினேன். மூன்று. ஆறு. ஒவ்வொரு படிக்கும் பத்துப் படம்.

"அப்பா, வலது முழங்கால் நோகுது."

"பன்னிரண்டு வருஷம் ஆடின பிள்ளைக்கு முழங்கால் நோகாமல் மூக்கே நோகும்? நில்லு. அசையாதை."

ரீச்சரிடமும் சொல்லியிருக்கிறாள். "அரங்கேற்றம் கிட்ட வர எல்லாப் பிள்ளையளுக்கும் உது வாறதுதான்" என்று ரீச்சர் எனக்குப் போனில் சிரித்தா. நானும் சிரித்தேன்.

மூன்றாம் கிழமை பன்னிரண்டாம் படிக்கு வந்துவிட்டேன். சில படங்கள் அருமையாக வந்தன, சில மோசமாகப் பிழைத்தன. என்னோடு வேலை செய்கிற, கமராப் பைத்தியம் பிடித்த ஒருவரிடம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அழாக்குறையாகச் சொன்னேன்.

"மனுசரை நிப்பாட்டியோ லென்ஸ் செற் பண்ணுறியள், அண்ணை?" என்றார் அவர். "அசையாத சாமானை வையுங்கோ. மூண்டு ரின்னைச் சரிவா அடுக்கி நடுவிலானைக் குறி பாருங்கோ."

அன்று பின்னேரம் குசினியிலிருந்து தகரத்தில் அடைத்த மூன்று மீன்ரின்னை எடுத்துப்போய் மேசையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சரிவாக அடுக்கினேன். கமராவைத் தடியில் பூட்டி, நடுரின்னின் எழுத்தைக் குறி பார்த்து அடித்தேன். பின்னால் நின்ற ரின் பளிச்சென்று இருந்தது, நடுரின் மங்கல். படியைக் குறைத்தேன். எட்டு, நாலு, பூச்சியம். பூச்சியத்தில் நடுரின்னின் சின்ன எழுத்துக்கூட வாசிக்க முடிந்தது.

லென்ஸில் ஒரு பிழையும் இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை.

எனக்கு விளங்கவில்லை. மகளைக் கூப்பிட்டுக் குறியில் நிற்கவைத்தேன். பூச்சியத்திலேயே வைத்து, கண்ணைக் குறி பார்த்து, விரலை எடுக்காமல் தொடர்ந்து அமத்தினேன். பத்துப் படம். "அப்பிடியே நில்லு, வாறன்" என்று சொல்லிவிட்டு கொம்பியூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன்.

முதல் படத்தில் இமைமயிர் ஒவ்வொன்றும் எண்ணலாம். இரண்டாவதில் கொஞ்சம் மங்கல். மூன்றாவதில் இன்னும். மூன்று கிழமையாகக் கண்ணை மட்டுமே பெரிதாக்கிப் பார்த்தவன், அன்றைக்குத்தான் முழுப்படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். படத்துக்குப் படம் அவள் பின்னுக்குச் சாய்ந்துகொண்டு போனாள். வலது குதிக்கால் நிலத்தில் இல்லை. பாரம் முழுக்க இடது காலில். பல்லைக் கடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றாள், நான் சிரிக்கச் சொன்னபடியால். பழைய படங்களைத் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே சாய்வு. கண்ணுக்குக் குறி வைத்து நான் அமத்துவதற்குள் வலியில் பின்னுக்குப் போயிருக்கிறாள். என் பிள்ளையின் நோவுக்கு நான் லென்ஸைத் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். ஐயோ, எவ்வளவு பெரிய மடையன் நான்!

மூன்று கிழமைப் படங்களையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

"அப்பா," என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "நான் இப்ப கதிரையில இருக்கலாமோ?"

திரும்பினேன். இன்னும் அரைமண்டியில் நின்றாள்.

அன்று மேலே போய் மனைவியிடம், "அரங்கேற்றத்தை நிப்பாட்டுவம்" என்றேன். "ஆர் சொல்லுறது எல்லாருக்கும்?" என்றாள் அவள். நான்தான் சொன்னேன். லண்டன் மச்சாளுக்கும், மண்டபக்காரனுக்கும், ரீச்சருக்கும். "உவருக்கென்ன விசரே?" என்று பின்னால் கதைத்தார்கள், இன்னும் கதைக்கிறார்கள். ஸ்கான் எடுத்தபோது முழங்காலுக்குள் சவ்வு கிழிந்திருந்தது. எவ்வளவு நாளாக நோகிறது என்று டொக்டர் கேட்டார். மகள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள்தான்" என்றாள். அவள் என்னைக் காப்பாற்றியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கால் இப்போது தேறிவிட்டது. லென்ஸும் என்னிடம்தான், பூச்சியத்திலேயே கிடக்கிறது. ஆனால் நான் கமராவைத் தூக்கினால், சோபாவில் கால் நீட்டிக் கிடக்கிற பிள்ளை சட்டென்று எழும்பி, அசையாமல் நேராக நிற்கிறாள். "இரு பிள்ளை, இருந்துகொள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.