ஜவ்பர் கேட்ட கேள்வி

ஜவ்பர் முதலில் மேற்குச் சுவரைத்தான் தொடுவார். உள்ளங்கையை அதில் வைத்து வாய்க்குள் எண்ணுவார். பத்துக்கு முன் கை சுட்டால், "இது சுவரில்ல, பாண் சுடுற போறண" என்பார். பிறகு அறையைக் காலடியால் அளப்பார். கூரை ஓடா, தகரச் சீற்றா என்று நிமிர்ந்து பார்ப்பார். மின்கம்பி எட்டாத வீடுகளில் ஏசி ஓட எத்தனை சோலர் தகடு, எத்தனை பற்றரி வேண்டும் என்று கணித்துச் சொல்வது அவருடைய தொழில். கணக்குச் சொல்லுமுன், அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிட்டுத் தந்தாலும், யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கமாட்டார். குடித்தால் மனம் இளகி, கணக்கும் இளகிவிடுமாம்.

எல்லாம் ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: நாளுக்கு எத்தனை மணித்தியாலம் ஏசி ஓடவேணும்? இப்போது அயலாரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் அதைக் கேட்கிறார். முன்பெல்லாம் பகிடியும் சிரிப்புமாகக் கேட்பார்.

ஈச்சிலம்பற்றில் வயற்கரையில் இருக்கிறது கனகசுந்தரம் வீடு. முதன்முறை போனபோது, உள்ளே ஆள் படுத்திருக்கிறது என்றார்கள். ஏன் என்று கேட்காமல், ஜவ்பர் வெளியில் நின்றே அறையை அளந்துகொண்டார். முற்றத்தில் அயற்சனம் வேடிக்கை பார்த்தது. "என்னக்கா, நுவரெலியாக் குளிர இஞ்ச கொண்டுவரப் போறீங்களா? மகாராணிக்கு எத்தின மணித்தியாலம் வேணும்?" என்று ஜவ்பர் கேட்க, முற்றமே சிரித்தது. கனகசுந்தரத்தின் மனைவி குனிந்துகொண்டு, இரவில் இரண்டு மணித்தியாலம் போதும் என்றார். ஜவ்பர் இரண்டு என்று எழுதினார்.

ஏசியும் தகடுகளும் பூட்டிய நாலாம் நாள் முற்பகலிலேயே பற்றரி இறங்கி ஏசி நின்றுவிட்டது. போய்ப் பார்த்தபோதுதான் கட்டிலில் கிடந்த கனகசுந்தரத்தைக் கண்டார். தென்னையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர். அதன்பின் அவருக்கு உடம்பு வியர்ப்பதில்லை. பகல் வெக்கை உயிருக்கே மோசம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனைவி ஈரத்துணியால் ஒற்றுவதும் விசிறுவதுமாக நின்றார்.

"பகல் முழுக்க வேணுமெண்டு ஏன் அக்கா சொல்லல்ல?"

"எல்லாரும் சிரிச்சனீங்கள். அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது, நானா?"

ஜவ்பருக்கு முகம் எரிந்தது. கடைக்குப் போன் எடுத்து, பிழை தன்னுடையது என்று சொல்லி, மேலும் தகடும் பற்றரியும் அன்றே எடுப்பித்தார். கடையிலிருந்து வந்த இராகுலன் கூரையில் ஏறிப் பூட்டத் தொடங்கினான். மறுபடி கூடிய அயலாரில் ஒருவர், அந்த மனுசி குறைத்துச் சொன்னதால் வந்த வினை என்று ஆரம்பித்தார்.

"அவவில பிழையில்ல. உங்களச் சிரிக்க வச்சு, அவட வாய அடச்சது நான்தான்" என்றார் ஜவ்பர்.

உள்ளே போய்க் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டார். மனைவியின் கையிலிருந்த ஓலை விசிறியை வாங்கி, கனகசுந்தரத்துக்கு விசிறினார். பின்னேரம் ஏசி ஓடத் தொடங்கியது. அறை மெல்லக் குளிர்ந்தது.

"விசிறினது காணும் நானா, வையுங்கோ" என்றார் மனைவி.

ஜவ்பர் விசிறியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.