பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒரு திறப்பு

துவக்கு விற்கிற வேலையில் கையைவிட வாய்தான் அதிகம் நோகும். எந்தக் கடையிலாவது கவுண்டருக்குப் பின்னால் நின்று பேச்சு வாங்கிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கனடாவின் ஸ்காபரோவில், வேட்டைத் துப்பாக்கியும் சாமானும் விற்கும் ஒரு கடையில் நான் பகுதிநேரம். மிச்ச நேரம் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறேன்.

இரண்டு பக்கமும் அடி

லைசென்சைச் சரிபார்க்கக் கேட்டால் கடையில் நான் அரசாங்கத்தின் ஆள். வருடா வருடம் மான் வேட்டைக்குப் போகும் கிழவர் ஒருவர், தன்னைப் பார்த்தால் கொலைகாரன் மாதிரியா இருக்கு என்று சத்தம் போட்டார். சட்டம் முகம் பார்ப்பதில்லை, அதுதான் அதில் உள்ள ஒரே நல்ல குணம் என்றேன். இந்தப் பெருமையை வகுப்பில் சொன்னால், பக்கத்தில் இருந்த நிலா திரும்பிப் பார்த்தாள்: "நீ பேசாத, நீ துவக்கு விக்கிறனி!"

எல்லாத் திறப்பும் ஓரிடம்

கடைக்கு வரும் தயாபரன் அண்ணை வேலையிடத்து நண்பர்களோடு வேட்டைக்குப் போக ஆசைப்பட்டவர். வகுப்பு, சோதனை, லைசென்ஸ் எல்லாம் முறையாக முடித்து வந்து துவக்கும், அதைப் பூட்டி வைக்கச் சாவி போட்ட இரும்பு அலுமாரியும் வாங்கினார். "திறப்பை எங்க வைப்பியள்?" என்று கேட்டேன். சாமியறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் உள்ள ஆணியில் என்றார். வீட்டுத் திறப்பு, கார்த் திறப்பு எல்லாம் அங்கேதானாம். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் திறப்பை வைத்துவிட்டு அலுமாரியைப் பூட்டி என்ன பிரயோசனம்? அரை மணித்தியாலம் வாதாடினேன். அண்ணை சிரித்தார்: "தங்கச்சி, பிள்ளையாரை நம்பாட்டி வேற ஆரை நம்புறது?"

கைப்பையில் இருந்தது

அடுத்த வருடம் அவருடைய மனைவி சுகந்தி அக்கா தனியாக வந்தார். அண்ணைக்கு வேலை போய்விட்டது. நித்திரை இல்லை, கதைபேச்சு இல்லை, வேட்டைக்கும் போகவில்லை. அக்கா கைப்பையிலிருந்து அந்தத் திறப்பை எடுத்து, "இதைக் கடையில வச்சிருப்பியளோ?" என்றார்.

திறப்பை நாங்கள் வாங்க முடியாது. துவக்கையே கடையில் வைக்கலாம், ஆனால் லைசென்ஸ் இல்லாத அக்கா அதைக் கொண்டுவர முடியாது. "பொலிசுக்குச் சொன்னா வந்து எடுப்பினம். இல்லாட்டி அண்ணையையே கொண்டு வரச் சொல்லுங்கோ," என்றேன். அக்கா திறப்பைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டார்: "கேட்டா, நான் பயந்திட்டன் எண்டு அவருக்குத் தெரிஞ்சிடுமெல்லே."

அண்ணை வந்தார்

மூன்றாம் நாள் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணை மெலிந்திருந்தார். துவக்குப் பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, அக்காவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "பிள்ளையாருக்குப் பின்னால திறப்பைக் காணேல்லை. வீடு முழுக்கத் தேடினனான் தங்கச்சி. ஏன் தேடுறன் எண்டு யோசிச்சன், எனக்கே பயமாக் கிடந்தது. அதைச் சொன்ன பிறகுதான் இவ திறப்பை எடுத்துத் தந்தவ. நான் சுகமா வருமட்டும் இஞ்சை இருக்கட்டும்."

ஆர் துவக்கு வைத்திருக்கலாம் என்று வகுப்பில் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறோம்; வைத்திருக்க வேண்டாம் என்று தானே முடிவெடுத்த ஒரே ஆளை மட்டும் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.