ஜெயரூபனின் நாலாவது கருவி

இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் குமாரசிங்கம் வீட்டில் சமையல் வேலை செய்தவள் இராக்கம்மா. 2008இல் கிளாக்கரின் மனைவி கமலாதேவியின் தங்கக் காப்பு ஒன்று காணாமல் போனது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஆள் வந்து இராக்கம்மாவின் தகரப் பெட்டியை வாசலில் கவிழ்த்தார்கள். காப்பு அதில் இல்லை. ஆனாலும் மறுநாள் காலை, வேலைக்குப் போக எல்லோரும் கூடி நிற்கும் பெரட்டில், இவள் கள்ளி என்று குமாரசிங்கம் சத்தமாகச் சொன்னார். அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் அந்த வாரமே நின்றது. குடும்பம் லயத்தைக் காலி செய்துகொண்டு பண்டாரவளைக்கு இறங்கியது.

இராக்கம்மாவின் தம்பி ஜெயரூபனுக்கு அப்போது பதினேழு வயது. ரேடியோ திருத்தும் கடையொன்றில் சேர்ந்தார். காப்பு அந்த வீட்டு மண்ணில்தான் எங்கோ கிடக்கிறது என்று உறுதியாக நம்பினார். அதைத் தோண்டியெடுத்து அந்த மனுஷன் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அவருக்கு இருந்ததில்லை.

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் முதல் கருவியை விளக்குமாற்றுக் கட்டையில் செம்புக் கம்பிச் சுருளைக் கட்டி, பழைய டிரான்சிஸ்டரோடு சேர்த்துச் செய்தார். துருப்பிடித்த ஆணிக்கும் அது ஊளையிட்டது, மீன் டின் மூடிக்கும் ஊளையிட்டது. இரண்டாவது, மோட்டார் சைக்கிள் பேட்டரியில் ஓடியது. ஆழமாகப் பார்த்தது, ஆனால் எல்லா உலோகமும் அதற்கு ஒன்றுதான். மூன்றாவதில் இரட்டைச் சுருள் வைத்தார். இரும்புக்குக் கட்டைக் குரல், மற்றதற்குக் கீச்சுக் குரல். அப்படியும் தங்கத்துக்கும் சோடா மூடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நாலாவதுக்குச் சின்னத் திரை வைத்தார். எந்த உலோகம் என்பதை எண்ணாகக் காட்டும். பதுளையில் நகை செய்யும் ஸலீம் கடையில் உட்கார்ந்து, வெவ்வேறு எடைக் காப்புகளைக் கருவிக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அறுபதுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில் எண் நின்றது.

புதையல் தோண்டுகிறவர்கள் தேடி வந்தார்கள். விரட்டிவிட்டார். மண்ணுக்குள் போகும் தண்ணீர்க் குழாய்களின் தடம் பிடித்து, வெடித்த இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் போனார். ஒருநாள் அந்தத் தோட்டத்திலிருந்தும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். பதினாறாவது வருடம், கிளாக்கர் வீட்டுக் குழாய் வெடித்துவிட்டது என்று கூப்பிட்டார்கள்.

குமாரசிங்கத்துக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. கங்காணி கணபதிக்குத் தெரிந்தது, ஆனால் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே, திரையில் அறுபத்தொன்று வந்தது. விரலால் மண்ணைக் கிளறினார். மஞ்சள் தெரிந்தது. திரும்ப மூடி, மேலே சுண்ணாம்பால் அடையாளம் வைத்தார். நாளைக் காலை பெரட்டு ஆட்களைக் கொண்டுவந்து இங்கே வெட்டச் சொல்லுங்கள் என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்காளையும் அழைத்து வந்தார். கணபதியின் மண்வெட்டியில் காப்பு வந்தது. உள்பக்கத்தில் கமலாதேவியின் பெயர் வெட்டியிருந்தது. இருபது முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, நீர் ஆர்?" என்று கேட்டார் குமாரசிங்கம்.

"இராக்கம்மா தம்பிங்க. அன்னைக்கு எல்லாரும் கேக்கச் சொன்னீங்கல்ல. இன்னைக்கும் எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

அவள் எடுக்கவில்லை என்று குமாரசிங்கம் முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றார் ஜெயரூபன். கிழவர் இரண்டாந்தரமும் சொன்னார். கமலாதேவி அழுதுகொண்டே காப்பை இராக்கம்மாவிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"போதும்டா," என்றாள் தம்பியிடம்.

"போதாதுக்கா."

மூன்றாந்தரமும் சொல்ல வைத்தார். குழாய் எங்கே வெடித்திருக்கிறது என்பது முந்தின நாளே அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பண்டாரவளைக்குத் திரும்பும் பஸ் ஹப்புத்தளையைத் தாண்டியது. கடைசித் தரம் சொல்ல வைத்தது தனக்குப் பிடிக்கவில்லை என்றாள் அக்கா. அதை நினைத்து அவள் இன்றும் வருந்துகிறாள். ஜெயரூபன் வருந்துவதில்லை. கேட்பவர்களிடம், அன்று அங்கே இன்னும் கொஞ்சம் ஆட்கள் இருந்திருக்கலாம் என்று மட்டும் சொல்கிறார்.