அவள் பார்க்காத சாடி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து வந்தபோது, அலுமாரியின் மேல்தட்டில் பச்சை ஃபைல் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

“பிள்ளை வந்து கொண்டு போட்டுது. என்ரை ரெத்ரெத்துக்குக் கொப்பி அடிக்க வேணுமாம்” என்று மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள்.

ரெத்ரெத் என்றால் ஓய்வூதியம். முப்பது வருடம் பிறர் வீடுகளைத் துடைத்தவளுக்கு அது இப்போதுதான் வரப்போகிறது. அதற்குப் பழைய பத்திரங்கள் எல்லாம் வேண்டும். எபினேயில் இருக்கும் எங்கள் மகள், தன் அலுவலக இயந்திரத்தில் படியெடுத்துத் தருவதாக ஃபைலைக் கொண்டுபோயிருக்கிறாள். எல்லாம் நியாயம்தான். நான் கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைக்க மறந்து நின்றேன். எங்களைப் போன்றவர்களுக்குப் பத்திரம் கொடுக்கும் அரச அலுவலகமான பிரிபெக்தூரிலிருந்து வந்த ஒரு கடிதம் அந்த ஃபைலுக்குள் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் வந்தது. அதை நான் என் மனைவிக்குப் பொய்யாக வாசித்தேன்.

அதை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்கலாம். அகதியாக வந்தவர்களில் நானறிய எவரும் அரசாங்கக் கடிதத்தைக் கிழிப்பதில்லை. எந்தத் துண்டை எந்தக் கவுண்டரில் எந்த வருடம் கேட்பார்கள் என்று தெரியாது. காலாவதியான பஸ் அட்டையைக்கூட வைத்திருப்போம். “ஒரு துண்டும் எறியாதேங்கோ” என்று பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நூறு பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்தக் கடிதத்தை இரண்டு தடவை கையில் எடுத்தேன். இரண்டு தடவையும் திரும்ப அதே இடத்தில், தேதி ஒழுங்கு தவறாமல் வைத்தேன்.

ஊரில் பல்கலைக்கழகம் முடித்தவன் நான். இங்கு வந்து உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே பிரெஞ்சு படித்தேன். சனிக்கிழமைகளில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நண்பர் ஒருவரின் பலசரக்குக் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்காருவேன். சனங்கள் கடிதங்களைக் கொண்டுவருவார்கள். நான் வாசித்துச் சொல்வேன், பதில் எழுதிக் கொடுப்பேன். ஒருநாளும் படிப்பிக்காத என்னை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அந்தக் கதிரையில் இருக்கும்போது நான் இருந்த உயரம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். மனைவிக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. தபாலை நான்தான் எடுப்பேன், நான்தான் உடைப்பேன், அவளுக்கு எது தெரியவேண்டும் என்று நான்தான் முடிவுசெய்வேன்.

அவள் அப்போது ஒரு யப்பானிய விதவையின் வீட்டைத் துப்புரவாக்கப் போய்க்கொண்டிருந்தாள். அந்த அம்மா யப்பானில் தோன்றிய ஒரு சிறு சமயக் குழுவைச் சேர்ந்தவர். பாரிசில் அவர்கள் முப்பது பேர் இருந்திருப்பார்கள். மாதத்தில் இரண்டு தரம் ஒரு மாடியறையில் கூடிப் பிரார்த்தனை செய்வார்கள், பிறகு பூ அடுக்குவார்கள். ஒருநாள் வேலை முடிந்ததும் அந்த அம்மா அவளையும் கூட்டிப்போனார். அடுத்த தடவை அவள் தானாகவே போனாள். வெள்ளிக்கிழமை விரதத்தை அவள் விடவில்லை. எங்கள் கோயிலையும் விடவில்லை. இதையும் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மேலங்கியைக் கழற்றாமல் பின்வரிசையில் இருந்தேன். அவளும் அந்த அம்மாவும் உடைந்த பிரெஞ்சில் கதைத்தார்கள். வினைச்சொற்கள் எல்லாம் பிழை. ஆனால் இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியது. சிரித்தார்கள். அங்கே ஒருவரும் என்னை எதையும் வாசிக்கச் சொல்லவில்லை.

அந்தக் குழு தங்கள் நாட்டில் ஒரு மலைச்சரிவில் கலைக்கூடம் கட்டியிருந்தது. அதன் படப்புத்தகத்தை அவள் இரவல் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

“உள்ளுக்கை கும்பிட ஒண்டும் இல்லையாம். பாக்கிறதுதானாம்.”

“பாக்கிறதோ சமயம்?”

“ஓம். வடிவான பொருளை ஆறுதலா நிண்டு பாத்தா மனம் துப்புரவாகுமாம். அதுக்கெண்டே கட்டினதாம். இந்தச் சாடியைப் பாருங்கோவன்.”

பெரிய மண்சாடி. மெருகு இல்லை. ஒரு தோள் சரிந்து, சாம்பல் உருகி வழிந்து பச்சையாக இறுகியிருந்தது.

“சூளையிலை சரிஞ்சு போச்சாம். எறியாமல் வைச்சிருக்கினம்.”

“பிழைச்ச சாடியைப் பாக்க யப்பானுக்கோ போகவேணும்?”

“சுத்திவர நடந்து பாக்கலாமாம். படத்திலை பின்பக்கம் தெரியேல்லை” என்றாள்.

அதன் பின்பக்கம் எப்படியிருக்கும் என்று அவள் உண்மையாகவே யோசித்தாள். கல்யாணம் செய்து பன்னிரண்டு வருடத்தில் எதையும் அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. என்னையும்தான்.

கடைக்குச் செய்தி வந்துவிட்டது. “என்ன மாஸ்டர், மனுசி யப்பான் சாமியோடை சேர்ந்திட்டாவாம். இனி வீட்டிலை புட்டோ சூசியோ?” என்றார் கடைக்கார நண்பர். கறிவேப்பிலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீடுவரை அந்தச் சிரிப்பைச் சுமந்துபோனேன்.

பிறகு ஒரு பயணம் ஏற்பாடாயிற்று. பாரிஸ் குழுவினர் எல்லோரும் அந்தக் கலைக்கூடத்துக்குப் போவதாகவும், யப்பானிய அம்மா அத்தோடு தன் நாட்டிலேயே தங்கிவிடுவதாகவும் முடிவாயிற்று. அவர் என் மனைவியையும் அழைத்தார். அகதிகளுக்குக் கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் பயணப் பத்திரம் அவளுக்குக் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க நான்தான் விண்ணப்பம் நிரப்பினேன். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. தவிர, மறுத்தால் நான் எப்படிப்பட்டவன் என்று எனக்கே தெரிந்துவிடும்.

கடிதம் வந்தது. பத்திரம் தயார், குறித்த நாளில் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று இருந்தது. நாலு வரி. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

“என்னவாம்?”

“இன்னொரு பத்திரம் குறையுதாம். திரும்பப் போட வேணும். மூண்டு நாலு மாதம் எடுக்கும்.”

முன்கூட்டி யோசித்துச் சொன்னதல்ல. வாய் திறந்தபோது அதுதான் வந்தது. ஆனால் அதைத் திருத்த எனக்கு மூன்று கிழமை இருந்தது. ஒவ்வொரு நாளும் திருத்தாமல் இருந்தேன். அது யோசித்துச் செய்தது.

அவள் அழவில்லை. “பிரிபெக்தூர் எண்டால் அப்பிடித்தானே” என்றாள். குழு போயிற்று. நாலு மாதத்தில் நான் திரும்ப விண்ணப்பித்துப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். “நீங்கள் இல்லாட்டி உதெல்லாம் எனக்கு ஆர் செய்யிறது” என்று சொல்லி அன்றிரவு நண்டுக் கறி வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

அந்த அம்மா போனபின் அவள் மாடியறைக்குப் போவதை மெல்ல விட்டுவிட்டாள். பிறகு மகளின் படிப்பு, வேலை, சர்க்கரை வியாதி. இப்போது சிறுநீரகம் போய்விட்டது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்திகரிக்கிறார்கள். இனி அவளால் அவ்வளவு தூரம் போக முடியாது. நான் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லை.

ஃபைல் போன ஞாயிறிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. முந்நூறு தாளுக்குள் ஒரு தாள். மகள் கவனிக்காமலே படியெடுத்துவிடலாம். கவனித்தாலும் என்ன விளங்கும்? பத்திரம் தயார் என்ற கடிதம், அவ்வளவுதானே. இப்படி எனக்கு நானே வாதாடிக்கொண்டு செவ்ரானில் எங்கள் கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஆனால் பயணம் நின்ற கதை மகளுக்குத் தெரியும். தாய் சொல்லியிருக்கிறாள். எட்டு வயதில் அவளும் அந்தப் படப்புத்தகத்தைப் பார்த்தவள்.

வியாழக்கிழமை காலை மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டேன். நாலு மணித்தியாலம். வழக்கமாக நண்பரின் கடையில் இருப்பேன். அன்று உள்ளே போகாமல் தெருவில் மேலும் கீழும் நடந்தேன். தொலைபேசியில் மகளின் செய்தி வந்தது, வழக்கம்போலப் பிரெஞ்சில்: ஃபைல் அலுவலகத்தில் இருக்கிறது, மத்தியானம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தப் போகிறேன்.

“என்ன மாஸ்டர், பத்துத் தரம் வாசலாலை போறியள். பொலிஸ் வேலை எடுத்திட்டியளோ?” என்றார் நண்பர், மரவள்ளிக்கிழங்குப் பெட்டியை வெளியே இழுத்து வைத்தபடி.

“கால் உளையுது. நடந்தால் நல்லம்.”

“உளையிற காலை நடந்தோ ஆத்திறது? வந்து இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்.”

நான் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் இயந்திரத்தோடு படுத்திருந்தாள். இரண்டு குழாயிலும் சிவப்பு. சொல்லிவிடலாம் என்று கட்டில் ஓரம் வரை போனேன். எழுந்து போக முடியாத ஒருத்தியிடம் அதைச் சொல்ல நினைத்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அவளுக்குத் தண்ணீர் அளவோடுதான் என்பதுகூட மறந்துபோயிற்று.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது கார் து நோரில், நிலத்தடி மேடையில், வீட்டுக்குப் போகும் பே வரிசை ரயில் தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு இருக்கை கிடைத்தது. நான் முன்னால் நின்றேன்.

“நீர் யப்பானுக்குப் போக இருந்தீர் எல்லே” என்று தொடங்கினேன்.

“ஓம்.”

“அண்டைக்கு வந்த கடிதத்திலை பத்திரம் ஒண்டும் குறையேல்லை. வந்து எடுக்கச் சொல்லித்தான் இருந்தது. நான் பொய் சொன்னனான்.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் ஒன்று எதிர்ப்பக்கம் வந்து நின்று போயிற்று.

“எத்தினையாந் தேதி வரச் சொல்லி இருந்தது?”

“ஞாபகமில்லை. கடிதம் பச்சை பைலுக்கை இருக்கு.”

அவள் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். ஊசி போட்ட கை கட்டோடு இருந்ததால் மற்றக் கையால் மெதுவாக அழுத்தினாள். மகளின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

“பிள்ளை, அந்தப் பைல் உன்னட்டையே? பிரிபெக்தூர்க் கடிதம், என்ரை வொயாஜ் பத்திரத்துக்கு வந்தது. பழசு. எடு.”

தாள் புரளும் சத்தம். மகள் கண்டுபிடித்துப் பிரெஞ்சில் வாசித்தாள்.

“தமிழிலை சொல்லு.”

“மதாம்… உங்கடை பத்திரம்… என்னெண்டு சொல்லுறது… ரெடி. நீங்கள் வந்து… வந்து…”

பெற்றுக்கொள்ளலாம் என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மனைவி கையை உயர்த்தினாள். எனக்குத்தான். மகள் தடுமாறித் தடுமாறி “வந்து எடுங்கோ” என்று முடித்துத் தேதியையும் சொன்னாள். மனைவி விரல் மடித்து எண்ணினாள்.

“அதுக்குப் பிறகும் பத்து நாள் இருந்திருக்கு” என்றாள், தனக்கே சொல்வதுபோல. பிறகு தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். “பிள்ளை, அதிலை இன்னொரு பத்திரம் குறையுது எண்டு எங்கையாவது இருக்கோ பார்.”

“இல்லை அம்மா.”

“வடிவாப் பார். பின்பக்கமும் பார்.”

“பின்பக்கம் ஒண்டும் இல்லை. ஏன் அம்மா? அப்பா பக்கத்திலை இல்லையோ?”

“நிக்கிறார்” என்று சொல்லித் தொலைபேசியை மூடினாள்.

ரயில் வந்தது. உள்ளே ஒரு பெடியன் எழும்பி அவளுக்கு இடம் கொடுத்தான். பக்கத்து இடம் அடுத்த நிலையத்தில் காலியானபோது அவள் அதில் தன் பையை வைத்தாள். நான் செவ்ரான் வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தபால்பெட்டித் திறப்பைக் கேட்டாள். சாவிக் கோர்வையிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். திட்டியிருந்தால், ஏன் செய்தீர்கள் என்று கேட்டிருந்தால், சொல்வதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சோறு போட்டாள், மாத்திரையை எடுத்துத் தரச் சொன்னாள், படுத்தாள்.

மகளுக்கு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது மகள் ஞாயிறு தவறாமல் வருகிறாள். அந்தக் கிழமை வந்த கடிதங்களைத் தாய்க்குப் பக்கத்தில் இருந்து வாசித்துத் தமிழில் சொல்கிறாள். சொல் வராவிட்டால் தொலைபேசியில் தேடுகிறாள். நான் அடுத்த அறையில் இருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். என்னிடம் கேட்பதில்லை. சில சொற்களைப் பிழையாகச் சொல்கிறாள். மனைவி “ஓம், ஓம்” என்கிறாள்.

நேற்று ஒரு கடிதம் வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் மேல், உடைக்காமல் கிடக்கிறது. நீள உறை, அரச முத்திரை. ஓய்வூதியக் காரியாலயமாக இருக்கலாம், ஆஸ்பத்திரி சம்பந்தமாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட கடிதங்களில் எட்டு நாள் தவணை கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். “அவசரமாக இருக்கும், பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொல்லும்” என்றேன். “வரட்டும்” என்றாள்.

இன்று புதன்கிழமை. காலையிலிருந்து ஐந்து தடவை சமையலறைக்குப் போய் வந்துவிட்டேன். மகள் வர இன்னும் நாலு நாள் இருக்கிறது.