நிஜாமின் தாளம் தவறவில்லை

நிஜாமின் தாளம் தவறவில்லை. ஒருமுறைகூடத் தவறவில்லை. தவறிவிட்டது என்று அவனையே நம்பவைத்தவன் நான்!

இதை உங்களிடம்தான் சொல்கிறேன், அவனிடம் சொல்லவில்லை. எதிரணியின் வாதத்தை மேடையிலே தூள்தூளாக்கிப் பழகிய நாக்கு, அவன் முன்னால் மட்டும் அசைய மறுக்கிறது. ஏன்? அச்சமா? வெட்கமா? அல்லது... சொல்ல எனக்கு இன்னும் மனமே வரவில்லையா? கேட்டு முடித்தபின் நீங்களே தீர்மானியுங்கள்.

நான் மதியழகன். மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மாடியறைதான் என் ஒலிப்பதிவுக் கூடம். ஒரு கணினி, ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர்கள், எதிரொலியை விழுங்கச் சுவரோடு சாய்த்துவைத்த பழைய மெத்தைகள். கல்லூரியில் நான் பேசாத மேடை இல்லை. தலைப்பைக் கொடுத்தால் போதும், இரு பக்கமும் நின்று வெல்வேன். மில் மூடியபின் ஆட்டோ ஓட்டிய என் அப்பா, சவாரி ஏறுகிறவர்களிடமெல்லாம் என் கோப்பைகளைப் பற்றிச் சொல்லுவார். தோற்றுப் பழக்கமில்லாதவனாகவே நான் வளர்ந்தேன்.

நிஜாம் என் கல்லூரித் தோழன். சாரம் பகுதியில் வீடு; அவன் அப்பா, அவன் வாயில் அத்தா, தையல்கடை வைத்திருக்கிறார். கல்யாண பேண்டு வாசிப்பவர்களோடு சுற்றித் திரிந்து கிளாரினெட் கற்றுக்கொண்டவன். அவனுக்கென்று தனி அறை கிடையாது. அம்மாவின் இரும்பு பீரோவைத் திறந்துவைத்து, தொங்கும் புடவைகளைப் பார்த்தபடி நின்று வாசிப்பான். புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடும். பள்ளிவாசல் பாங்கு ஓய்ந்து, மீன்காரர் கூவிக்கொண்டு தெருவுக்குள் வருவதற்குள் பதிவை முடித்து எனக்கு அனுப்புவான். அவன் வாசிப்பான், நான் சேர்ப்பேன். அதுதான் எங்கள் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டில் ஒரு சிறு வழக்கம் உண்டு. என் குற்றம் அங்கேதான் குடியிருக்கிறது. ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

நான் அனுப்பும் தாளத்தை அவன் கம்பியில்லாக் காதுக்கருவியில் கேட்டுக்கொண்டு வாசிப்பான். அந்தக் கருவி ஒலியைக் கண்ணிமைப்பு நேரம் பிந்தித்தான் காதில் சேர்க்கும். அதனால் அவன் சரியாக வாசித்தாலும், என் கணினியில் அந்த வாசிப்பு சற்றுப் பிந்தியே வந்து விழும். இதற்காக ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தாளத்தோடு சேர்ந்து கைதட்டுவான். அவன் கைதட்டையும் என் தாளத்தையும் கணினியில் நான் ஒன்றாகப் பொருத்தினால் போதும். வாசிப்பு முழுவதும் தன் இடத்துக்கு வந்துவிடும். பிந்தியது கருவி... அவன் அல்ல!

திருமண வீடியோ எடுத்துப் பெயர் வாங்கிய சங்கீதா அக்கா, தன் முதல் படத்துக்கு இசையமைக்க எங்கள் இருவரையும் அழைத்தார். சிறிய படம், நடித்தவர்கள் பாதிப்பேர் அவருடைய சொந்தக்காரர்கள். படத்தின் உயிர் ஒரே ஒரு காட்சியில் இருந்தது. பெட்டியோடு பேருந்து நிலையத்துக்கு வரும் கதாநாயகி, சென்னைப் பேருந்தில் ஏறாமல் நிற்கிறாள். பேருந்து போய்விடுகிறது. வசனமே இல்லை.

எஞ்சினின் துடிப்பைப்போல ஒரு மெல்லிய தாளம் அமைத்தேன். அதன்மேல் கீபோர்டில் சுரங்களை அடுக்கினேன். என் அறிவு அத்தனையும் அதில் இருந்தது! அதற்கு மேலே நிஜாம் ஒரு சிறிய மெட்டை வாசித்து அனுப்பினான். பொருத்தி, அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்:

"இந்தக் கிளாரினெட்டு பேசுது தம்பி. நீ இன்னாத்துக்கு அது பின்னாடி இவ்ளோ பேசிக்கினு இருக்க? உன்னுத கொஞ்சம் கொறை."

பேச்சு! என் பேச்சு! நான் ஆண்டுக்கணக்கில் தொண்டை கிழியக் கற்ற கலையின் பெயரை, ஒரு வார்த்தைகூடச் சொல்லாத அவன் குழலுக்குக் கொடுத்துவிட்டார். நான் சிரித்தேன். "சரிக்கா" என்றேன். என் உள்ளே ஏதோ ஒன்று கருகத் தொடங்கியதை நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் முகர்ந்திருப்பீர்கள்.

அடுத்து நடந்ததை நியாயமாகவே சொல்லுகிறேன். காட்சியின் நீளத்தை மாற்றிவிட்டு, புது இசையை உடனே அனுப்பச் சொன்னார் அக்கா. நிஜாம் மறுபடி வாசித்துக் கொடுத்தான். அவசரத்தில் கைதட்டைப் பொருத்த மறந்து அப்படியே அனுப்பிவிட்டேன். மறதிதான், சூதல்ல. அதுவரை நான் குற்றமற்றவன்.

அக்கா அழைத்தார். "இன்னா தம்பி, நிஜாம் வாசிக்கிறது இழுக்குது?"

அந்தக் கணமே பிழை எங்கே என்று எனக்கு விளங்கிவிட்டது. என் தவறு, இதோ திருத்துகிறேன் என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. சொன்னேனா? இல்லை! அந்தக் குறையை அவர் வாயால் கேட்டபோது என் நெஞ்சில் பரவிய குளிர்ச்சியை என்னவென்று சொல்வேன்...

"ஆமாக்கா. அவனுக்குத் தாளம் கொஞ்சம் இடிக்குது. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்."

வெட்கமில்லாமல் வந்தது அந்த வாக்கியம். தடுமாற்றமே இல்லை. பயிற்சி பெற்ற குரலல்லவா!

அதையே நிஜாமிடமும் சொன்னேன். அவன் மறுபடியும் வாசித்தான், மறுபடியும் அனுப்பினான். கடைசியாக வந்த பதிவைக் கைதட்டோடு பொருத்தி, தனியே உட்கார்ந்து கேட்டேன். பேருந்து நகர்கிறது, அவள் நகரவில்லை. அவள் மூச்சை உள்ளே இழுக்கும் அதே நொடியில் கிளாரினெட் மூச்சுவிடுகிறது. என் கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணீருக்காகவே அவனை வெறுத்தேன்! என் அடுக்குச் சுரங்கள் ஒன்றுகூட யாரையும் அழவைத்ததில்லை, என்னைக்கூட.

அப்போதுதான் செய்தேன். இம்முறை மறதி இல்லை. சரியான இடத்தில் நின்ற அவன் வாசிப்பைப் பிடித்து, சற்றே பின்னால் தள்ளினேன். மிகவும் தள்ளினால் கருவியைச் சந்தேகிப்பார்கள். இம்மியளவு தள்ளினால் மனிதனைச் சந்தேகிப்பார்கள். இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். மேடையில் ஒருவனை வீழ்த்த அவன் வாதத்தை மறுக்கவே வேண்டியதில்லை. அவன் குரலை அவனே நம்பாமல் செய்துவிட்டால் போதும்.

நிஜாம் என் அறைக்கு வந்து, தலையைக் குனிந்தபடி முழுவதும் கேட்டான்.

"கைத்தட்ட வச்சுத்தான சேத்த மச்சி?"

"பின்ன? சேத்துட்டுதான் கைத்தட்ட வெட்டி எடுத்தேன்."

ஒரு நண்பன் கேட்ட நேரான கேள்விக்கு நான் சொன்ன பதில் அது. அவன் சந்தேகப்படவில்லை, திரையைக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"அப்ப கை சரியாத்தான்டா தட்டுது. வாய்க்குத்தான் சோம்பேறித்தனம் போலக்கீது" என்று சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "எனக்குச் சரியா வாசிக்கிற மாதிரியே தெரியுதுடா. அதான் பயமா இருக்குது."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நானும் அதையே என்னிடம் கேட்கிறேன்...

மறுநாள் அவனே அக்காவிடம் போய், அந்தக் காட்சிக்கு மதியே கீபோர்டில் வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டு விலகிக்கொண்டான். நான் வாசித்தேன். சிறிய அரங்கில் படத்தைத் திரையிட்டார்கள். இசை என்று என் பெயர் மட்டும் தனியே வந்தது. நிஜாமின் பெயர் நன்றி சொன்ன கூட்டத்துக்குள் எங்கோ இருந்தது. மக்கள் கைதட்டினார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த நிஜாம் என் தோளைப் பற்றிக் குலுக்கினான்.

"நல்லவேளடா, நான் வெளிய வந்துட்டேன். இருந்திருந்தா இந்த சீனையே கெடுத்திருப்பேன்."

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துப் பாராட்டினார். உடனே, "ஆனா மொத தடவ கேட்டேனே, அது காதுலயே நிக்குது தம்பி" என்றார். வென்றும் தோற்றவன் எப்படி இருப்பான் என்று எந்தப் பட்டிமன்றமும் எனக்குக் கற்றுத்தரவில்லை!

அதன்பின் நிஜாம் வாசிப்பதை நிறுத்திவிட்டான். யாராவது கேட்டால், தனக்குத் தாளம் நிற்பதில்லை என்று தானே முந்திக்கொண்டு சொல்லுவான். நான் அனுப்பும் தாளங்களுக்கும் பதில் வரவில்லை. அவனை இழந்துவிட்டேன் என்றா வருந்தினேன்? பொய் சொல்லமாட்டேன். நிம்மதியாக இருந்தேன்.

சென்ற வாரம் அவன் தங்கைக்கு நிக்காஹ். முந்தின நாள் மாலை வீடு நிறைய உறவினர்கள். அண்ணன் வாசிக்காவிட்டால் மருதாணி போட்டுக்கொள்ளமாட்டேன் என்று தங்கை அடம்பிடித்தாள்.

"ஏய், பெரிய மனுஷா, ரொம்ப பிகு பண்ணாத. எடுடா அத!" என்று ஒரு மாமி அதட்டினார்.

வேறு வழியின்றிக் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். காதருகே குனிந்து மெல்லச் சொன்னான்: "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீ கவனி மச்சி. தாளம் விட்டுச்சுனா என் முட்டியில ஒரு தட்டு தட்டு. நிறுத்திக்கிறேன்."

ஒரு சிறுமி பித்தளைத் தட்டில் தாளம் போட்டாள். அவன் வாசித்தான்.

இத்தனை நாள் தொடாத குழல்! ஆனாலும் எங்கும் பிசகவில்லை. பேச்சுகள் ஒவ்வொன்றாய் அடங்கின. அதட்டிய மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். தையல்கடை அத்தா, வாசல் நிலையில் சாய்ந்து, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பரிசு வாங்கிய எந்த மேடையிலும் அப்படியொரு மௌனத்தைக் கேட்டதில்லை.

என் கை அவன் முழங்காலில் தட்டியது.

ஆம், தட்டினேன்! யாரும் என்னைத் தூண்டவில்லை. படமும் இல்லை, பெயரும் இல்லை, வெல்வதற்கு அங்கே எதுவுமே இல்லை. இருந்தும் தட்டினேன்.

நிஜாம் அந்த நொடியே நிறுத்தினான். எல்லாரையும் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தான். "போதும் போதும், மாப்ள வீட்டுக்காரங்க ஓடிடப்போறாங்க" என்றான். கூடம் சிரித்தது. அத்தா மட்டும் சிரிக்கவில்லை. குழலைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிய பிறகு, நிஜாம் என் பக்கம் திரும்பினான்.

"நல்லவேள நீ இருந்த" என்றான்.